சூடான பானங்களைத் தானே தயாரிக்கிறார்

பக்கம் ஏழு, மூன்றாம் பத்தி.
அந்த ஒரு வரியைத்தான் மறுக்கிறேன்.
மற்றதெல்லாம் கூடக்குறைய இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று வந்தவள் நல்ல பெண். பெயர் இமோஜென்.
காலணியைக் கழற்றவா என்று வாசலிலேயே கேட்டாள்.
கிரிம்ஸ்பியில் மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
நாற்பது நிமிடம்தான், பிறகு வேறொரு வீடு.
மடிக்கணினியில் கட்டங்கள்,
கட்டத்துக்குள் என் தம்பி.

"டெஸ்மண்ட், தேநீர் நீங்களே போட்டுக்கொள்வீர்களா?"

இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன்.
முப்பது டன் பெட்டியைக் காற்றில் இறக்கி
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைத்தவன்.
வீடு தேடி வந்த அந்நியப் பெண்ணிடம்
முடியாது என்று எப்படிச் சொல்வான்?
"போடுவேனே! உங்களுக்கும் ஒன்று வேண்டுமா?"
வேலை செய்யும் பாதி வாயால் சிரித்தான்.
அவளும் சிரித்தாள்.
தட்டினாள்.

நான் அப்போது சமையலறையில்
அந்தத் தேநீரைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.
அவன் கோப்பையில் கெட்டியாக்கும் பொடி இரண்டு கரண்டி,
இல்லையென்றால் புரையேறும்.

ஆறு வாரம் கழித்துக் கவுன்சிலின் கடிதம்.
வாரம் இருபத்தெட்டு மணி நேரம் பத்தொன்பதாகியிருந்தது.
காலையில் தூக்கிவிட ஒருவர் போதுமாம்,
தூக்கு எந்திரத்தின் மேலேயே
இருவர் பிடிக்கவும் என்று ஒட்டியிருக்கிறது.
ஏட்டில் கொதித்த தண்ணீர்
எங்கள் கோப்பைக்கு வரவில்லை.
ஒன்பது மணி நேரம் மட்டும் ஆவியாய்ப் போயிற்று.

புகார் எழுதினேன்.
கிடைத்தது என்று சொல்ல மூன்று நாள்.
பரிசீலிக்கிறோம் என்று சொல்லப் பதினொரு வாரம்.
பரிசீலித்தவர், முதல் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட
அதே மேலாளர்.
"தாங்கள் அவ்வாறு உணர நேர்ந்ததற்கு வருந்துகிறோம்."

உணரவில்லை ஐயா. எண்ணினேன்.
இரவில் எத்தனை முறை எழுந்தேன்,
எத்தனை விரிப்பு துவைத்தேன்,
என் முதுகுக்கு எத்தனை மாத்திரை.
சமையலறை நாட்காட்டியில் பென்சில் கோடுகளாய் இருக்கிறது,
வந்து பாருங்கள்.

பதிலில் ஓரிடத்தில் என் தம்பியின் பெயர் டென்னிஸ்.
ஊருக்குள் எங்கோ ஒரு டென்னிஸின் அக்கா
அவன் கடிதத்தில் டெஸ்மண்ட் என்று படித்துவிட்டு
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

மறுபடி எழுதினேன். மறுபடி.
நவம்பரில் மறு மதிப்பீடு என்றார்கள்.

முந்தின இரவு அவனைச் சவரம் செய்துகொண்டே சொன்னேன்,
"நாளைக்கு உண்மையைச் சொல்லு, டெஸ்."
"எந்த உண்மையை?"
"மோசமான நாளின் உண்மையை."
கத்தி தாடையில் இருந்ததால் தலையசைக்கவில்லை.
அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை வந்தவர் பெவரிட்ஜ் என்ற ஆள், சளிப்பிடித்த குரல்.
அதே கேள்வி.
டெஸ்மண்ட் என்னைப் பார்த்தான்.
பிறகு ஜன்னலை. அங்கே ஒரு கடற்புறா,
குப்பைத் தொட்டியின் மூடியோடு மல்லுக்கு நின்றது.

"முடியாது," என்றான்.
"கெட்டிலைத் தூக்க முடியாது. ஒருமுறை மடியில் ஊற்றிக்கொண்டேன்."
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
கேட்காததையும் சொன்னான்.
கழிவறையில் யார் துடைத்துவிடுகிறார் என்று.
கட்டில் நனைந்தால் விடியும்வரை என்னை எழுப்பாமல்
அதிலேயே கிடப்பது பற்றி.
அது எனக்கே தெரியாது.
பெவரிட்ஜின் விரல்கள் விசைகளின்மேல் நின்றுவிட்டன.
நான் தரைவிரிப்பைப் பார்த்தேன்.
அதில் ஒரு பழைய தேநீர்க் கறை.

புகார் பகுதியளவில் ஏற்கப்பட்டது.
இருபத்துநான்கு மணி நேரம்.
காலையில் மீண்டும் இரண்டு பேர்.
வென்றுவிட்டேன் என்று
பக்கத்து வீட்டு ஹில்டெகார்ட் கேக் கொண்டுவந்தாள்.
டெஸ்மண்ட் அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை காகிதக் குப்பை எடுக்கும் நாள்.
பழைய அறிக்கையை இரண்டாக மடித்துக்
கதவுக்குப் போய்விட்டேன்.

"நோரீன்."

திரும்பினேன்.

"ஏழாம் பக்கம் மட்டும் இருக்கட்டும்."